இருபத்திரண்டு குண்டு, ஓர் அச்சு

பெங்களூரின் தெருவோர டீ வியாபாரியின் சைக்கிளுக்கும் லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளுக்கும் வரும் வியாதி ஒன்றுதான். வைத்தியம்தான் வேறு வேறு. பழைய வைத்தியம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

முதலில் சத்தம்தான் வரும். சமதரையில் தெரியாது. மேட்டில் ஏறும்போது, காலை ஊன்றி மிதிக்கும்போது, சுற்றுக்கு ஒரு 'கடக்'. ஓட்டுகிறவர் முதல் நாள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது வாரம் பெடல் லேசாக ஆடுவது காலுக்குத் தெரியும். மூன்றாவது வாரம் செயின் கவரில் எதுவோ உரசும். அதற்குப் பிறகுதான் சைக்கிள் கடை ஞாபகம் வரும்.

பெங்களூரில் இந்த ஞாபகம் கொஞ்சம் சீக்கிரமே வரும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இந்த ஊரில் சாலைகள் ஏற்றமும் இறக்கமுமாகவே கிடக்கின்றன. பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு இரவில் டீ விற்கும் ஆசாமி, விடியற்காலையில் பேப்பர் போடும் பையன், கட்டட வேலைக்கு மண்வெட்டியை பாரில் செருகிக்கொண்டு போகும் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து நந்தி மலைக்குக் கிளம்பும் கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரி என்று எல்லோருடைய எடையும் கடைசியில் வந்து விழுவது ஒரே இடத்தில்தான். இரண்டு பெடல் தண்டுகளையும் இணைத்து, ஃபிரேமின் அடிவயிற்றில் ஓடும் ஒரு சாண் நீளம்கூட இல்லாத அச்சு அது. கடைக்காரர்களின் பாஷையில் 'பிபி ஆக்சில்'. அதன் இரு முனையிலும் பொருந்தும் தண்டுகள் கிராங்க். வலது பக்கத் தண்டோடு பல்சக்கரமும் சேர்ந்தால் அது கிராங்க் செட்.

இந்த கிராங்க் செட்டைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, மறுபடி பூட்டுவதற்குத் தமிழர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஓவராயில்'. 'ஓவர்ஹால்' என்ற ஆங்கிலச் சொல் பட்டறைகளில் புழங்கித் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. தேய்ந்ததில் அர்த்தமும் கொஞ்சம் மாறிவிட்டதுதான் வேடிக்கை. ஓவராயில் என்றால் ஆயில் ஊற்றுவது என்று நினைத்துக்கொண்டு அச்சின் ஓரத்தில் எண்ணெயை விட்டுத் திருப்தி அடைகிறவர்கள் ஏராளம். சத்தம் இரண்டு நாள் அடங்கும். உள்ளே மிச்சம் இருந்த கிரீஸையும் அந்த எண்ணெய் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். மூன்றாம் நாள் முன்பைவிடப் பெரிய சத்தம்.

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற தமிழர் நிறைந்த பேட்டைகளின் பழைய சைக்கிள் கடைகளில் இந்த வேலைக்கு இன்னும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடை என்பது பெரும்பாலும் ஒரு பெட்டி, ஒரு காற்றுப் பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒரு சட்டி, மேலே ஒரு தகரம். வேலைக்கான பேச்சு தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கலந்து ஓடும். சாமான்களின் பெயர் மட்டும் எல்லா பாஷையிலும் ஒன்றே: பெடல், செயின், கிராங்க், காட்டர் பின்.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் கைகாரர் யார் என்பது தெரியும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, இரண்டு கிராங்கையும் இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக ஆடினால் கோளாறு உள்ளே, குண்டுகள் ஓடும் பாதையில். ஒன்று மட்டும் ஆடி மற்றது அசையாமல் நின்றால் கோளாறு அந்தத் தண்டு அச்சோடு சேரும் இடத்தில். ஐந்து விநாடி சோதனை. இதைச் செய்யாமல் அச்சு மாற்று, கப் மாற்று என்று ஆரம்பிக்கிறவரிடம் சைக்கிளை விடாமல் இருப்பது நல்லது.

பழைய கருப்பு சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின். சுண்டுவிரல் நீளமுள்ள இரும்பு ஆணி. அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அச்சின் முனையிலும் அதற்கேற்ற ஒரு தட்டையான வெட்டு உண்டு. கிராங்கின் துளை வழியாக ஆணியை இறக்கினால் அதன் சரிவு அச்சின் வெட்டில் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். மறுமுனையில் வாஷரும் நட்டும். இறுகுவது ஆப்பால்தானே தவிர நட்டால் அல்ல. ஆப்பு வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் நட்டின் வேலை. இந்த ஆணி அச்சைவிட மெதுவான இரும்பில் செய்யப்படுவது வேண்டுமென்றே. தேய்ந்தால் அது தேயட்டும், அச்சு தேயக்கூடாது என்பது கணக்கு. ஆணியின் விலை அற்பம். அச்சு அப்படியல்ல.

இந்த ஆணியை வெளியே எடுப்பதில்தான் சைக்கிள்கள் பாழாகின்றன. நட்டை முழுவதும் கழற்றிவிட்டுச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். பிறகு எந்த நட்டும் அதில் ஏறாது. நட்டைத் தளர்த்தி, அதன் முகமும் ஆணியின் முனையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி விடவேண்டும். அடி இரண்டின் மேலும் விழும், மரை தப்பிக்கும். அடுத்தது இதைவிட முக்கியம். கிராங்கின் அடியில், ஆணியின் தலை உள்ளே போகும் அளவுக்கு வாயுள்ள ஓர் இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்கவேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் அச்சு வழியாகக் குண்டுகளுக்குப் போகும். குண்டுகள் கப்பின் பாதையில் குழி போட்டுவிடும். கிராங்க் சத்தத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த சைக்கிள், ஆயுள் முழுக்க உறுமிக்கொண்டே திரும்பிப் போகும்.

முட்டுக் கொடுத்தபின் ஒரே அடி. பட்டறை நடைமுறையில் இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. பத்து சின்ன அடி ஆணியை வளைக்கும், தலையை மழுங்கடிக்கும், துளைக்குள்ளேயே உப்பவைக்கும். கனமான சுத்தியலால் நேராக விழும் ஓர் அடி அதைத் துள்ளி விழவைக்கும். விழாவிட்டால் துருவுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் டிரில் போட்டுக் குடைந்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டு கிராங்கும் வந்தபின் இடது பக்கத்தில் ஒரு வளையம் தெரியும். அது லாக் ரிங். அதைக் கழற்றி, அடுத்திருக்கும் கப்பைத் திருகினால் உள்ளே இருக்கும் சமாச்சாரம் வெளிப்படும். அடியில் பேப்பரோ தட்டோ வைக்காமல் திறந்தவர்கள் அன்றைக்கு முழுக்கத் தெருவில் குனிந்து தேடவேண்டியதுதான். கால் அங்குல விட்டமுள்ள பால்ரஸ் குண்டுகள், பக்கத்துக்கு 11 வீதம் 22. சில சைக்கிள்களில் குண்டுகள் தகர வளையத்தில் கோக்கப்பட்டு வரும். அப்போது எண்ணிக்கை குறையும். வளையம் இல்லாமல் தனிக் குண்டாகப் போட்டால் எடை அதிகமான புள்ளிகளில் பரவும் என்பதால் பழைய கைகள் வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தனிக் குண்டையே போடுவதுண்டு.

பராமரிப்பே பார்க்காத சைக்கிளில் கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் களிம்பு இருக்கும். மழையில் நின்ற சைக்கிள் என்றால் பால் காப்பி நிறத்தில் ஒரு குழம்பு. தண்ணீர் பெரும்பாலும் அச்சின் ஓரத்திலிருந்து மட்டும் நுழைவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள குழாய் வழியாக மேலிருந்தே வழிந்து வந்து ஃபிரேமின் அடிவயிற்றில் தேங்குகிறது. ஓட்டுகிறவர் பார்வையில் படாத இடம் அது. 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் பெல்லந்தூர், மகாதேவபுரா பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கி, அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்கள் குளங்களானது நினைவிருக்கும். காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அதே கீழ்த்தளத்தில் நின்ற சைக்கிளுக்கு வெயிலில் காயவைப்பதே சிகிச்சை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வெளியே காய்ந்துவிடும். உள்ளே துரு அப்போதுதான் தொடங்கும்.

களிம்பு கழுவ ஒரு காலத்தில் மண்ணெண்ணெய். ரேஷனில் அது அரிதாகிவிட்ட பிறகு பல இடங்களில் டீசல். கழுவித் துடைத்த பிறகு பரிசோதனை. கப்பின் பாதையில் ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையை வைத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத குழியைக் கூடப் பேனா காட்டிக்கொடுத்துவிடும். வழவழவென்று ஓடினால் கப் நல்லது. தடுக்கினால் மாற்றவேண்டும். குண்டுகளை மட்டும் யோசிக்காமல் மொத்தமாக மாற்றிவிடுவது வழக்கம். பழையதும் புதியதும் கலந்து போட்டால், தேயாத புதுக் குண்டு இம்மியளவு பெரிதாக இருக்கும். எடை முழுவதையும் அது ஒன்றே சுமந்து, பாதையையும் கெடுத்துத் தானும் உடையும். பதினொன்றில் ஒன்று தொலைந்தால் ஒன்று வாங்கிப் போடுவது கஞ்சத்தனம் மட்டுமல்ல, நஷ்டமும்கூட.

வலது பக்கக் கப்புக்கு வரும்போது புதியவர்கள் தடுமாறுவார்கள். இடது கப் எல்லா நட்டையும் போலக் கழலும். வலது கப் கழலாது. இன்னும் பலமாகத் திருகுவார்கள். இன்னும் இறுகும். காரணம், அதன் மரை தலைகீழ். கடிகார முள் போகும் திசையில் திருகினால்தான் அது கழலும். பெடல்களில் இதற்கு நேர் எதிர். அங்கே வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் தலைகீழ் மரை.

இது யாரோ செய்த குழப்பம் அல்ல. ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அதன் முனையை வட்டமாகச் சுற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும். முனை ஒரு திசையில் வட்டமிட, பென்சில் தன்னளவில் எதிர்த்திசையில் மெல்ல உருளும். தளர்வான துளைக்குள் பாரத்தோடு சுற்றும் எதுவும் இப்படித்தான் எதிர்ப்பக்கம் நகரும். ஆயிரக்கணக்கான மிதிகளில் இந்த நகர்வு சேர்ந்து, எப்படிப்பட்ட கையால் இறுக்கியதையும் கழற்றிவிடும் பலம் பெறுகிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இறுகவே செய்யட்டும் என்று மரையைத் திருப்பி வெட்டிவிட்டார்கள். இத்தாலியர்கள் இரண்டு பக்கமும் வழக்கமான மரையே வெட்டினார்கள். அந்த சைக்கிள்களின் வலது கப் கழன்றுகொண்டே இருக்கும் என்பது உலகறிந்த புகார்.

தலைகீழ் மரை இங்கிலாந்து வழி வந்தது. இன்று பெங்களூர் ஷோரூமில் பிரித்து வைக்கப்படும் ஜப்பானிய பேரிங்கின் அட்டைப் பெட்டியிலும் 'பிஎஸ்ஏ' என்ற மூன்றெழுத்து இருக்கும். 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை என்ற அளவின் பெயர் அது. பர்மிங்ஹாமில் 1861இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட கம்பெனியின் பெயரும் அதுதான். துப்பாக்கிக்கு ஆர்டர் குறைந்த காலத்தில் சைக்கிள் பக்கம் திரும்பியவர்கள் அவர்கள். தமிழ் வாசகர்களுக்கு அந்த மூன்றெழுத்து அறிமுகமானது வேறு வழியில். 1949இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்த டிஐ சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ ஆகிய இரண்டு ஆங்கிலப் பெயர்களையும் தென்னிந்தியத் தெருக்களின் பெயர்களாகவே ஆக்கிவிட்டது. வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய ஒரு தலைமுறைக்கு அவை வெளிநாட்டுப் பெயர்கள் என்பதே தெரியாது.

பெங்களூரில் அந்த சைக்கிள்கள் போன இடம் தொழிற்சாலைகள். 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் டெலிபோன் தொழிற்சாலை, 1953இல் எச்எம்டி, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த பொதுத்துறை நிறுவனங்களின் வாசலில், ஷிஃப்ட் மாறும் நேரங்களில் சாலையை நிறைத்தவை சைக்கிள்கள். பகலில் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு சுத்தமாக இரும்பைக் கடைந்தவர்கள் மாலையில் அதே கையோடு சொந்த சைக்கிளைப் பிரித்துப் பூட்டினார்கள். அந்த உலகத்தில் பல இப்போது இல்லை. சைக்கிளைப் பொறுத்தவரை, கை மாறியது. முதலில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் வந்து சைக்கிளை ஏழையின் வாகனமாக்கின. பிறகு 2000களின் பிற்பாதியில் ஏழையல்லாதவர்கள் அதைத் தேடி வந்தார்கள். பெங்களூர்க்காரர்கள் முன்னின்று நடத்திய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' நெடும்பயணம் 2008இல் தொடங்கியது. கப்பன் பூங்காவில் 'சைக்கிள் தினம்' 2013இல். வெளிவட்டச் சாலையில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை 2020இல். அந்தப் பாதையின் கம்பங்களை மோட்டார் வாகனங்கள் எவ்வளவு நாள் விட்டுவைத்தன என்பது தனிக் கதை.

புதியவர்கள் கொண்டுவந்த சைக்கிளில் காட்டர் பின் இல்லை. சுத்தியலுக்கும் வேலை இல்லை. அச்சின் முனை சதுரமாக, நுனி நோக்கி இரண்டு டிகிரி சரிந்து இருக்கும். அலுமினிய கிராங்கில் அதே அளவில் சதுரத் துளை. ஒரு போல்ட்டை முறுக்கினால் கிராங்க் அந்தச் சரிவில் ஏறி இறுகும். கழற்ற 'புல்லர்' என்ற சின்னக் கருவி போதும். கிராங்கின் முகத்தில் உள்ள மரையில் அதைத் திருகி ஏற்றி, நடுவில் உள்ள தண்டைச் சுற்றினால் தண்டு அச்சைத் தள்ளும், கிராங்க் தானாக வெளியே வரும். பார்க்க அழகான வேலை. ஆனால் அலுமினியம் மன்னிப்பதில்லை. புல்லர் முழுவதும் ஏறாமல் நாலு மரையில் நின்றுகொண்டு சுற்றினால், கிராங்க் வராது, மரைதான் உரிந்து வரும். போல்ட்டை எடுத்தபின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாஷரைப் பார்க்காமல் புல்லரை ஏற்றுகிறவர்களின் கதியும் அதுவே. மரை உரிந்த கிராங்கை வெளியே எடுப்பது வெட்டி எடுப்பதாகத்தான் முடியும்.

தெருவோரக் கடைகளில் புல்லர் இல்லாத காலத்தில் ஒரு குறுக்கு வழி பழக்கத்தில் இருந்தது. போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்வது. கிராங்க் தானாகக் கழன்றுவிடும் என்பது உண்மை. அது கழலும்போது அச்சின் எஃகு விளிம்பு அலுமினியத் துளையைச் சுரண்டிக்கொண்டே கழலும் என்பதும் உண்மை. துளை சதுரமாக இல்லாமல் வட்டத்தை நோக்கி நகரத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பலசாலி முறுக்கினாலும் நிற்காது.

விலை குறைந்த கியர் சைக்கிள்களில் இந்த விபத்து குறுக்கு வழி இல்லாமலே நடக்கிறது. கடையில் அவசரமாகப் பூட்டிக் கொடுக்கப்படும் இடது கிராங்க் சில வாரத்தில் தளர்கிறது. பையன் பள்ளிக்கூடம் போகவேண்டும். உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறவர் நேரத்துக்குச் சேர்க்கவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டுகிறார்கள். சதுரம் தேய்கிறது. ஒரு நாள் நடுச்சாலையில் எழுந்து நின்று மிதிக்கும்போது கிராங்க் காலோடு கழன்று வருகிறது. பின்னால் பஸ். இந்த போல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவேண்டும். அதாவது சாண் நீள ஸ்பேனரில் அல்ல, அதைவிட நீளமானதில் நன்றாக எடையைச் சாய்த்து. முதல் வாரத்தில் ஒரு தடவை அந்த முறுக்கைக் கொடுத்திருந்தால் அந்த கிராங்க் வருடக்கணக்கில் நின்றிருக்கும். செலவு பூஜ்யம்.

அச்சும் மாறிவிட்டது. குண்டும் கப்பும் தனித்தனியாக இல்லாமல் எல்லாம் ஒரே உருளைக்குள் அடைக்கப்பட்டு, திறக்க முடியாதபடி வருகிறது. சாமர்த்தியமான ஏற்பாடு. தண்ணீர் எளிதில் நுழையாது, சரிபார்க்கும் தொல்லை இல்லை. கெட்டுப்போனால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கவேண்டும். இங்கேதான் பழைய மெக்கானிக் வெளியே நிறுத்தப்படுகிறார். இருபத்திரண்டு குண்டுகளை மாற்றினால் போதும் என்ற கணக்கு இதில் கிடையாது. கழற்றுவதற்கும் இருபது பல் கொண்ட பிரத்தியேகச் சாவி வேண்டும். அது அவர் பெட்டியில் இல்லை. அவருடைய கையில் உள்ள அறிவு அப்படியே இருக்கிறது; அதைச் செலுத்த ஓட்டைதான் அடைபட்டுவிட்டது.

இன்னும் மேல்தட்டில், 2000களின் தொடக்கத்தில் ஷிமானோ கொண்டுவந்த முறையில் அச்சு 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற குழாய். வலது கிராங்கோடே நிரந்தரமாகச் சேர்ந்து வருகிறது. பேரிங் ஃபிரேமுக்கு வெளியே. இடது கிராங்கில் இரண்டு போல்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். காட்டர் பின்னோடு போராடியவர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள். பூட்டும்போது மட்டும் நிதானம் வேண்டும். அந்த மூடியை விரலால் இறுக்குகிற அளவுக்குத்தான் இறுக்கவேண்டும். ஸ்பேனர் பலத்தைக் காட்டினால் பேரிங் நசுங்கும். இரண்டு போல்ட்டையும் ஒன்றை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவரவேண்டும். பலம் காட்டுவது இல்லை, அளவு காட்டுவது. டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் இந்த கிராங்கைக் கொடுப்பவர் தன் சொந்தப் பொறுப்பில் கொடுக்கிறார்.

விலை உயர்ந்தது என்பதால் பயமில்லை என்றும் சொல்லமுடியாது. 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் உயர்ரக அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரானவற்றைப் பரிசோதனைக்கு அழைத்தது. உள்ளீடற்ற தண்டின் இரண்டு பாதிகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், தண்டு பிளந்துகொள்ளக்கூடும் என்பது காரணம். அமெரிக்காவில் மட்டும் 6,80,000 கிராங்குகள். பிளந்ததாக வந்த புகார்கள் 4,519. அந்த கிராங்குகளை ஓட்டியவர்களுக்குப் பாடம் எளிமையானது: அழுக்கைத் துடைத்தால்தான் பிளவு தெரியும். சுத்தம் செய்வது பளபளப்புக்காக மட்டும் அல்ல. துணியால் துடைத்துக்கொண்டே போகும்போது, கிராங்கின் இடுக்கில் தலைமயிர் போல ஒரு கோடு கண்ணில் பட்டால் அங்கே ஒரு பல்லைக் காப்பாற்றியாயிற்று.

சத்தத்துக்கெல்லாம் கிராங்கையே குற்றவாளி ஆக்குவதும் தவறு. கார்பன் ஃபிரேம் தம்புராக் குடம் மாதிரி. எங்கோ முணுமுணுத்தால் எங்கோ கேட்கும். எழுந்து நின்று மிதிக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் சீட் தண்டைப் பார்க்கவேண்டும். ஒரு காலால் மட்டும் மிதிக்கும்போது வந்தால் அந்தப் பக்கத்துப் பெடலை. பல்சக்கரத்தை கிராங்கோடு பிணைக்கும் சின்ன போல்ட்டுகள் காய்ந்துபோனாலும் இதே 'கடக்'தான். நந்தி மலையின் கடைசி வளைவுகளில் ஊர் முழுக்கக் கேட்கும்படி முனகிய எத்தனையோ சைக்கிள்களுக்கு, புது அச்சு வாங்கிப் போட்ட பிறகும் முனகல் தொடர்ந்திருக்கிறது. சீட் தண்டை உருவித் துடைத்திருந்தால் போதும்.

பழைய சைக்கிளுக்குத் திரும்பினால், பூட்டும் வேலை கழற்றியதைவிட நிதானமானது. கப்பில் தாராளமாகக் கிரீஸ் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கவேண்டும். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அச்சை நுழைத்து, இடது கப்பைத் திருகி, அச்சு தடையில்லாமல் சுற்றவும் ஆனால் ஆடாமலும் இருக்கும் ஒரு புள்ளியைத் தேடவேண்டும். அந்தப் புள்ளி மிக மெல்லியது. லாக் ரிங்கை இறுக்கும்போது கப்பும் கூடவே கொஞ்சம் சுழன்று புள்ளி தப்பிவிடும். மறுபடி தளர்த்து, மறுபடி இறுக்கு. பெரும்பாலான கடைகளில் அவசரம் காட்டப்படுவது இந்த இடத்தில்தான். இறுக்கமாக விட்டால் உறுமும், தளர்வாக விட்டால் ஆடும். இரண்டும் வாடிக்கையாளருக்கு உடனே தெரியாது என்பதில்தான் மெக்கானிக்கின் மனசாட்சி வருகிறது.

கடைசியில் காட்டர் பின். இரண்டு ஆணியும் எதிரெதிர்த் திசையில் இறங்கவேண்டும். கிராங்குகளைப் படுக்கை வாட்டில் நிறுத்தினால் ஒரு நட்டு மேலே, மற்றது கீழே தெரியவேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால், ஆப்புகள் தண்டுகளைத் தள்ளும் திசை மாறி, கிராங்குகள் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒன்று சற்று முந்திக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு ஒரு கால் நொண்டுவது போல இருக்கும், காரணம் தெரியாது. புது ஆணியின் சரிவை அரத்தால் ராவிப் ராவிப் பொருத்துவதும் இதற்காகத்தான். லூதியானாவிலிருந்து வரும் ஆணிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதில்லை. ராவுகிற கை இல்லாவிட்டால் அந்த ஆணியும் இல்லாத மாதிரிதான்.

பெங்களூரில் இந்த வேலை மொத்தமாக வந்து குவியும் நாள் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். ஊரெல்லாம் வெள்ளைப் பூசணி குவிந்து கிடக்கும்போது, சைக்கிள் கடைகளில் ஸ்பேனரும் சுத்தியலும் பம்பும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தனம் குங்குமத்துக்குக் காத்திருக்கும். சைக்கிள்களும் அலம்பப்படும். அலம்புவது இப்போது பல இடங்களில் குடத்துத் தண்ணீரால் அல்ல, கார் கழுவும் பீச்சு குழாயால். அந்த வேகத்தில் பீச்சும் தண்ணீர் எந்த சீலையும் தாண்டி உள்ளே போகும். வெளியே பளபளப்பு, மாலை, எலுமிச்சம்பழம். உள்ளே கிரீஸ் பால் காப்பி நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். பூஜையாயிற்றே, கேட்பார் யார்?

ஓவராயில் முடித்து சைக்கிளைக் கொடுக்கும்போது பழைய கடைக்காரர்கள் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: ரெண்டு நாள் ஓட்டிட்டு ஒரு தடவை கொண்டாங்க. புதிய காட்டர் பின், பாரம் ஏறி இறங்கியபின் ஆப்பு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். நட்டு தளர்ந்து நிற்கும். அதை ஒரு அரைச் சுற்று முறுக்கவேண்டும். அதற்குக் காசு கிடையாது, அரை நிமிஷ வேலை. சைக்கிள் சத்தமில்லாமல் ஓடுவதால் பெரும்பாலோர் வருவதில்லை. அடுத்த 'கடக்' கேட்ட பிறகுதான் வருகிறார்கள்.